எல்லா அறையிலும் ஏழு

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை பதினோரு மணிக்கு, சிங்காநல்லூருக்குக் கிழக்கே, மாடிக்கு ஆறு வீடாக நான்கு மாடி எழுந்து நின்ற பொன்னரளிக் குடியிருப்பின் இருபத்து நான்கு வீடுகளும் ஒரே வீடாகிவிட்டன. அந்த நேரத்தில் குடியிருப்போர் சங்கத்தின் ஆண்டுக் கூட்டம் என்று கைக்குழந்தை முதல் மூட்டுவலிக்காரர் வரை எல்லோரும் கீழே கார் நிறுத்துமிடத்தில் பிளாஸ்டிக் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்ததால் ஒருவருக்கும் ஒரு கீறல் இல்லை. தண்ணீர்த் தொட்டி கழுவுவதைப் பற்றி ஒன்றரை மணி நேரம் பேசி, ஒரு முடிவுக்கும் வராமல், மிக்சரும் டீயும் முடித்து, அவரவர் மாடிக்கு ஏறி, அவரவர் சாவியைப் போட்டு, அவரவர் கதவைத் திறந்து உள்ளே போனவர்கள், உள்ளே ஒருவரை ஒருவர் பார்த்து, வந்தவரை வரவேற்கும் வழக்கப்படி "வாங்க, வாங்க" என்று சொல்லிக்கொண்டார்கள். எண்பத்து மூன்று பேரும் சொல்லி முடித்த பிறகுதான் யார் வீட்டுக்கு யார் வந்திருக்கிறார்கள் என்ற கேள்வி எழுந்தது.

முதல் மாடி முதல் கதவு தொடங்கி நான்காம் மாடிக் கடைசிக் கதவு வரை எதைத் திறந்தாலும் உள்ளே இருந்தது 406-ஆம் எண் வீடுதான். அதே பச்சைத் திரை, அதே இரண்டு பேர் உட்காரும் சோபா, அதே ஒன்பது தட்டு. மற்ற இருபத்து மூன்று வீட்டுக் கட்டில்களும் பீரோக்களும் அரிசி டிரம்களும் பூஜை அலமாரிகளும் எங்கே போயின என்று தெரியவில்லை. மஸ்கட்டுக்கு டிக்கெட் எடுத்து வைத்திருந்த 202-காரரின் பாஸ்போர்ட் போயிற்று, சட்டம் படிக்கும் பெண்ணின் மூன்று வருடக் குறிப்புகள் போயின, 301-இல் தைக்கிற அம்மா முடித்து மடித்து வைத்திருந்த பதினோரு ஜாக்கெட்டுகள், கொக்கி வைக்க வேண்டிய ஒன்று உட்பட, போயின.

406 பூங்கோதையின் வீடு. நாற்பத்து மூன்று வயது, கல்யாணம் செய்துகொள்ளவில்லை, ஆறு வருடமாக அங்கே இருந்தும் மாடிப்படியில் எதிர்ப்பட்டால் ஒதுங்கி வழிவிடுவதைத் தவிர யாரோடும் அதிகம் பேசியதில்லை. தன் கூடத்தில் எண்பத்து இரண்டு பேர் நிற்பதைப் பார்த்தபோது அவளுக்கு முதலில் வந்தது பயமோ கோபமோ அல்ல. காதுமடல் வரை சூடேறியது. கடைசி வீட்டில் இருந்தது மட்டும் மிஞ்சியிருக்கிறது என்பதை அவள் உடனே கவனித்துவிட்டாள், ஏனென்றால் மூன்று நாளுக்கு முன் வியாழக்கிழமை பிற்பகல் அவள் கணினித் திரையிலும் அப்படியேதான் நடந்திருந்தது.

பூங்கோதை ஒரு சிறிய நிறுவனத்தில் சோதனைப் பொறியாளர். ஆட்கள் எழுதும் நிரலை இயந்திரம் செய்யக்கூடிய கட்டளைகளாக மாற்றித் தரும் கம்பைலர் ஒன்றை அந்த நிறுவனம் உருவாக்கிக்கொண்டிருந்தது. மருத்துவமனையில் படுக்கைக்குப் பக்கத்தில் நின்று சொட்டுச் சொட்டாக மருந்தை உள்ளே விடும் கருவிகளைச் செய்கிற ஒருவர் அதை வாங்கப்போவதாக இருந்தது. அந்தக் கருவிக்குள் நினைவகம் குறைவு. ஆகவே ஜோதிலிங்கம் என்ற, யார் முகத்தையும் நேராகப் பார்த்துப் பேசாத இளைஞன், இரண்டு வருடம் உட்கார்ந்து ஒரு வித்தையைக் கம்பைலருக்குச் சொல்லிக் கொடுத்திருந்தான். வரிசை வரிசையாகவும், வரிசைக்குள் அறை அறையாகவும், சுற்றுக்குள் சுற்றாக எண்களைப் போட்டு எடுக்கிற நிரல்கள் உண்டு. ஓர் அறையில் போட்ட எண்ணை அடுத்த அறைக்குப் போவதற்குள்ளேயே எடுத்துப் பயன்படுத்தி முடித்துவிட்டால், அறுநூறு அறை எதற்கு, ஒன்றே போதும், அதையே திரும்பத் திரும்ப அழித்து எழுதிக்கொள்ளலாம். கம்பைலர் அதைத் தானாகக் கண்டுபிடித்து அறுநூறை ஒன்றாக்கிவிடும். பழைய எண் பின்னால் எப்போதாவது தேவைப்படுமா என்று பார்த்துவிட்டுத்தான் ஆக்க வேண்டும். அது சரியாகப் பார்க்கிறதா என்று சோதிப்பது பூங்கோதையின் வேலை.

முந்நூற்றுப் பன்னிரண்டு சோதனைகளில் முந்நூற்றுப் பதினொன்று சரியாக வந்தன. இருநூற்றுப் பதினான்காவது மட்டும் வரவில்லை. அதில் எல்லா அறைகளையும் ஒரு முறை சுற்றி முடித்த பிறகு இன்னொரு சுற்று வந்து, மூன்றாம் வரிசை இரண்டாம் அறையில் என்ன இருந்தது என்று கேட்டது. கம்பைலர் கடைசி அறையில் இருந்ததை எடுத்துக் கொடுத்தது. எந்த அறையைக் கேட்டாலும் கடைசி அறையில் இருந்ததையே கொடுத்தது.

அப்போது மணி மூன்றரை. நான்கு மணிக்கு வாங்குகிறவர்கள் வருகிறார்கள். பக்கத்து அறையில் கேக் வந்து இறங்கியிருந்தது, யாரோ பலூன் ஊதிக்கொண்டிருந்தார்கள், ஜோதிலிங்கம் புதுச் சட்டை போட்டிருந்தான். குழுத் தலைவர் சந்திரமௌலி கதவைத் தள்ளித் தலையை நீட்டி, "மேடம், ஓகேதானே?" என்றார். அந்த முகத்தில் இருந்த சிரிப்பைக் கெடுக்க அவளால் முடியவில்லை. யாரும் மிரட்டவில்லை, யாரும் எதுவும் தருவதாகச் சொல்லவில்லை. "பத்து நிமிஷம் சார்" என்றாள். அதுவரை ஒவ்வோர் அறையிலும் வெவ்வேறு எண் போட்டுச் சோதித்துக்கொண்டிருந்தவள், அதை அழித்துவிட்டு எல்லா அறையிலும் ஏழு என்று போட்டாள். எல்லாம் ஏழாக இருந்தால் எந்த அறை காணாமல் போனாலும் தெரியாது. இருநூற்றுப் பதினான்கும் தேறியதாகத் திரையில் பச்சையாக மாறியது. "ஓகே சார்" என்று சொல்லிவிட்டுப் போய்க் கைதட்டி, கேக்கில் ஒரு துண்டு சாப்பிட்டாள்.

வீடுகள் ஏன் ஒன்றாயின என்று குடியிருப்பில் இரண்டு நாள் பேசினார்கள். மூன்றாம் நாள் பேச்சு மாறிவிட்டது, ஏனென்றால் யார் எப்போது குளிப்பது என்பது அதைவிடப் பெரிய கேள்வியாக இருந்தது. சங்கச் செயலாளர் மயில்சாமி மின்வாரியத்தில் லைன் இன்ஸ்பெக்டராக இருந்து ஓய்வு பெற்றவர். அவர் முறை எழுதி ஒட்டினார்: குளியலுக்கு ஆளுக்குப் பத்து நிமிடம், அடுப்புக்கு மாடிக்கு ஒரு மணி நேரம், படுக்கை மொட்டைமாடியிலும் கார் நிறுத்துமிடத்திலும், நோயாளிகளும் பிள்ளை பெற்றவர்களும் மட்டும் உள்ளே. தாசில்தார் வந்து இருபத்து நான்கு கதவையும் திறந்து பார்த்து, இருபத்து நான்கிலும் வீடு இருப்பதைக் கண்டு, "கட்டடத்துக்குச் சேதம் ஏதுமில்லை" என்று எழுதிவிட்டுப் போனார். இருபத்து மூன்று மின்மீட்டர்கள் நின்றுவிட்டதில் மயில்சாமிக்கு உள்ளூர ஒரு சந்தோஷம் இருந்தது. இன்னொரு வசதியையும் கண்டுபிடித்தார்கள். ஒருவர் எந்தக் கதவால் உள்ளே வந்தாரோ, வெளியே போகும்போதும் அந்தக் கதவு இருந்த மாடியில்தான் போய் நிற்பார், ஆனால் வேறொருவர் கையைப் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டினால் அவருடைய மாடியில் போய் நிற்கலாம். ஆகவே நான்காம் மாடி மூட்டுவலிக்காரர்கள் முதல் மாடிக்காரர்களின் கையைப் பிடித்துக்கொண்டு வெளியேறினார்கள், லிப்டை யாரும் தொடுவதில்லை, அதற்கு முன் பேசிக்கொள்ளாத குடும்பங்கள் கை கோத்து வாசலைத் தாண்டுவது நாளுக்கு நாற்பது முறை நடந்தது. 303-இன் பெண்ணைப் பார்க்க மாப்பிள்ளை வீட்டார் வந்த மாலையில் மற்ற எல்லோரும் வெளியே போய் நின்றார்கள், வந்தவர்கள் பூங்கோதையின் சோபாவில் உட்கார்ந்து, பூங்கோதையின் தட்டில் கேசரி சாப்பிட்டு, வீடு நன்றாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்கள்.

எல்லோரும் பூங்கோதைக்கு நன்றி சொன்னார்கள். அதுதான் அவளால் தாங்க முடியாததாக இருந்தது. அவளுடைய துண்டில் துவட்டி, அவளுடைய உப்பைப் போட்டுச் சமைத்து, அவளுடைய போர்வையைக் குழந்தைக்குப் போர்த்தி, "உங்க சாமானமாவது மிஞ்சுச்சே அம்மணி, அதுலதானுங்க நாங்க பொழச்சுக் கெடக்குறோம்" என்றார்கள். அவள் முப்பது தட்டு வாங்கி வந்தாள், பாய் வாங்கி வந்தாள், காலை நாலரைக்கே எழுந்து எண்பது பேருக்கும் டீ போட்டுப் பாத்திரத்தைக் கீழே இறக்கினாள். அவள் செய்யச் செய்ய, தங்கமான மனசு என்று இன்னும் அதிகமாகச் சொன்னார்கள். மதியத்தில் இரண்டு மணி முதல் இரண்டரை வரை வீட்டில் அவள் மட்டும் தனியாக இருக்கலாம் என்று மயில்சாமி முறைப்பட்டியலில் மரியாதையாக எழுதிச் சேர்த்தார். பகலில் வீட்டிலிருந்தே வேலை பார்த்துக்கொண்டிருந்த அவள், அந்த அரைமணி நேரம் முழுவதும் சோபாவில் முகத்தை மூடிக்கொண்டு உட்கார்ந்திருந்தாள்.

பதினெட்டாம் தேதி கம்பைலர் கையளிக்கப்பட வேண்டும். ஒவ்வொரு நாளும் சந்திரமௌலிக்கு மின்னஞ்சல் எழுதத் தொடங்கி, "ஒரு சிறு விஷயம்" என்ற முதல் மூன்று சொல்லோடு நிறுத்தி, மூடி வைத்தாள்.

103-இல் குப்புராஜும் ரங்கநாயகியும் இருந்தார்கள். குப்புராஜ் பீளமேட்டில் ஒரு பட்டறையில் லேத் ஓட்டிக்கொண்டிருந்தவர். ஒன்பது வருடத்துக்கு முன் சங்கிலியில் தொங்கிய இரும்பு ஒன்று ஆடி வந்து அவர் தலையில் இடித்தது. காயம் ஆறிவிட்டது, ஆனால் அதிலிருந்து ஒவ்வோர் இரவுத் தூக்கமும் முந்தின நாளைக் கழுவிக்கொண்டு போய்விடும். ரங்கநாயகி தினமும் சாயங்காலம் ஒரு சிலேட்டில் எழுதி வைப்பாள். அவர் பெயர் குப்புராஜ் என்று ஒரு வரி, ரங்கநாயகி அவர் சம்சாரம் என்று ஒரு வரி, அன்று நடந்தது நாலு வரி. காலையில் அவர் அதைப் படித்து, முந்தின நாளைத் தலைக்குள் எடுத்து வைத்துக்கொண்டு, குப்புராஜாகக் காபி குடிப்பார். மூவாயிரம் நாளுக்கு மேல் அப்படித்தான் ஓடியது.

சிலேட்டு போய்விட்டது. பூங்கோதையின் சமையலறையில், கடையில் வாங்க வேண்டியதை எழுதிவைக்கும் வெள்ளைப் பலகை ஒன்று இருந்தது. "இதுல நாலு வரி எழுதிக்கட்டுங்களா?" என்று ரங்கநாயகி கேட்டாள்.

"என்னக்கா, கேக்கணுமா? எழுதுங்க" என்றாள் பூங்கோதை.

ஆனால் வீட்டில் இருந்தது அந்த ஒரு பலகைதான். பால் கணக்கு, பள்ளிக்கூட வேன் நேரம், யார் எங்கே போயிருக்கிறார்கள் என்ற தகவல் எல்லாவற்றையும் எல்லோரும் அதில்தான் எழுதினார்கள், எழுத இடம் வேண்டுமென்றால் முன்னால் இருந்ததை அழித்தார்கள். முதல் வாரம் புதன்கிழமை 304-இன் அம்மா, தன் கணவனுக்காக, "மதுரை போய் மகளை விட்டுவிட்டு வந்தேன், அழுதுகொண்டே இருந்தாள், போன் செய்யவும்" என்று எழுதிவிட்டுப் போனாள். வியாழக்கிழமை காலை அதைப் படித்த குப்புராஜ் நாள் முழுக்க மதுரையில் அழும் மகளுக்காகக் கலங்கி, எதிர்ப்பட்டவர்களிடமெல்லாம் போன் கேட்டார். அவருக்கும் ரங்கநாயகிக்கும் பிள்ளைகளே இல்லை. முதலில் சிரித்தார்கள். பிறகு பழகிவிட்டது. பிறகு சிலர், பாவம் நல்லதாகப் படிக்கட்டும் என்று வேண்டுமென்றே எழுதி வைத்தார்கள்: நேற்று பேரூர் கோயிலுக்குப் போனோம், நேற்று நீங்கள் நன்றாகப் பாடினீர்கள். குப்புராஜ் அந்தந்த நாளுக்கு அப்பாவாகவும் பாடகராகவும் 402-இன் சித்தப்பாவாகவும் இருந்தார், அந்தந்த வீட்டார் அவரைப் பக்கத்தில் உட்காரவைத்துச் சோறு போட்டார்கள். ரங்கநாயகியின் வரியும் மற்ற வரிகளோடு அழிந்துபோன காலைகளில் அவர் அவளை நிமிர்ந்து பார்த்து, "அம்மா, டீ கெடைக்குமுங்களா?" என்று கேட்பார். அவள் டீ கொடுப்பாள்.

"அக்கா, நான் புதுசா ஒரு சிலேட்டு வாங்கிட்டு வர்றேன்" என்றாள் பூங்கோதை.

"வாங்கி வெச்சனுங்க. ரெண்டு தடவ வெச்சேன். பசங்க யாராவது எடுத்து எழுதிப்போட்டுர்றாங்க. எடம் ஒண்ணுதானுங்களே." ரங்கநாயகி சிரிக்க முயன்றாள். "பரவால்லீங்க. ஊருக்கே இப்புடின்னா எனக்கு மட்டும் என்ன."

அந்தப் "பரவால்லீங்க" பூங்கோதையின் மேல் விழுந்து அங்கேயே கிடந்தது.

வீடுகள் ஒன்றான பிறகு வந்த இரண்டாம் ஞாயிற்றுக்கிழமை, பதினெட்டுக்கு இன்னும் மூன்று நாள் இருக்கும்போது, தன் அரைமணி நேரத்தில் பூங்கோதை எழுந்து போய் பலகையைச் சுத்தமாகத் துடைத்தாள். யாரிடமும் வாய் திறந்து சொல்ல முடியாததை எழுதிப் பார்த்தாள்: "நான் ஒரு தப்பு செய்தேன். தெரிந்தே செய்தேன். சோதித்துப் பார்க்கச் சொன்னார்கள். வேறு வேறு எண் போட்டால் குறை தெரிந்துவிடும் என்று எல்லா அறையிலும் ஏழு என்று போட்டு, சரி என்று சொன்னேன். உங்கள் வீடுகள் போனது என்னால்." பெயர் போடவில்லை. மாடிப்படியில் காலடிச் சத்தம் கேட்டது. துணி கையில்தான் இருந்தது, துடைத்திருக்கலாம். துடைக்காமல் பேனாவை மூடி வைத்துவிட்டுத் தன் கதவால் வெளியேறி நான்காம் மாடி நடையில் போய் நின்றாள். எதையும் படிக்காமல் விடாத மயில்சாமி அதைப் படிப்பார், எழுத்தைப் பார்த்துக் கண்டுபிடிப்பார், அவரே வந்து கேட்பார், தான் தலையை மட்டும் ஆட்டினால் போதும் என்று நினைத்தாள்.

அன்று மயில்சாமி ஒரு கல்யாணத்துக்குப் போயிருந்தார். மற்றவர்கள் படித்தார்கள். பிள்ளைகளின் பள்ளிக்கூடக் கட்டுரை என்று ஒருவரும், டிவியில் வந்த வசனம் என்று ஒருவரும் நினைத்தார்கள். ஏதோ முக்கியமாகத் தெரிந்ததால் யாரும் அழிக்கவில்லை. ரங்கநாயகி திருப்பூரில் தங்கை வீட்டுக் காதுகுத்துக்குப் போயிருந்தாள்.

திங்கட்கிழமை காலை ஐந்தரைக்கு முதல் குளியல் முறை 103-உடையது. குப்புராஜ் உள்ளே போய், முகம் கழுவி, பலகைக்கு முன்னால் நின்று, தன் முந்தின நாளைப் படித்தார்.

பூங்கோதை டீப் பாத்திரத்தோடு கீழே இறங்கியபோது கார் நிறுத்துமிடத்தில் கூட்டம் நின்றது. நடுவில் குப்புராஜ், வேட்டியை மடித்துக் கட்டாமல், கைகளைக் கட்டிக்கொண்டு, முகமெல்லாம் நனைந்து நின்றார்.

"எல்லாருத்துகிட்டயுஞ் சொல்லோணுமுங்க" என்றார் அவர். "நாந்தானுங்க பண்ணுனேன். எல்லா அறையிலயும் ஏழுன்னு போட்டுப்போட்டேன். தெரிஞ்சேதானுங்க போட்டேன். என்னாலதான் உங்க வூடெல்லாம் போச்சு."

"சரி உடுங்கண்ணா" என்றார் மயில்சாமி. "யாரோ எழுதுனதப் படிச்சுப்போட்டு வந்துருக்கறீங்க. வாங்க, டீ குடிங்க."

"இல்லீங்க. எனக்கு வேண்டாமுங்க." குப்புராஜ் குனிந்து மயில்சாமியின் காலைத் தொட்டார். மயில்சாமி பதறிப் பின்னால் நகர்ந்தார். குப்புராஜ் அடுத்தவர் காலைத் தொட்டார். பாஸ்போர்ட் போன 202-காரரிடம் போய், "உங்களுக்கு என்னங்க போச்சு?" என்று கேட்டார், அவர் சொன்னதும் அவர் காலடியில் உட்கார்ந்துவிட்டார். 301-இன் தையல்கார அம்மாவிடம், "உங்களுக்கு என்னங்க போச்சு?" என்றார். ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டு போனார். அவர்கள் சொல்லத் தயங்கினார்கள், அவர் விடவில்லை, பதினைந்து நாளாக ஒருவரும் ஒருவரிடமும் கேட்காத கேள்வியாகையால் கேட்கக் கேட்க அவர்களும் சொன்னார்கள், சொல்லச் சொல்ல அழுதார்கள்.

பூங்கோதை பாத்திரத்தைப் பிடித்துக்கொண்டு மாடிப்படியின் கீழ்ப் படியில் நின்றாள். பேச வேண்டும் என்று அவளுக்குத் தெரிந்தது. அதைவிடத் தெளிவாக இன்னொன்றும் தெரிந்தது: அவர் தூங்கி எழுந்தால் இதை மறந்துவிடுவார். இன்று ஒரு நாள் பொறுத்துக்கொண்டால் போதும், நாளைக்குப் பலகையில் வேறு ஏதாவது எழுதியிருக்கும். அப்படி நினைத்தாள். நினைத்ததோடு அல்லாமல், பாத்திரம் கனத்ததால் அதைக் கீழே வைத்துவிட்டு, வசதியாக நின்று பார்த்தாள்.

கேட்டைத் திறந்துகொண்டு ரங்கநாயகி வந்தாள். கையில் பை, தலையில் நேற்றைய பூ. கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய், தரையில் உட்கார்ந்திருந்த கணவனின் தோளைத் தொட்டு, "என்னங்க, என்னாச்சு?" என்றாள்.

அவர் அவளை அண்ணாந்து பார்த்துக் கும்பிட்டார். "நீங்க யாருன்னு தெரியலீங்க. உங்களுக்கும் ஏதாச்சும் போயிருந்துதுன்னா என்னைய மன்னிச்சுருங்க."

ரங்கநாயகி பையைக் கீழே வைத்தாள்.

"அவரில்லை" என்றாள் பூங்கோதை. சத்தம் வரவில்லை. இன்னொரு முறை சொன்னாள். "அவரில்லைக்கா. நான். அத எழுதுனது நான்."

எல்லோரும் திரும்பினார்கள். அவள் சொன்னாள். கம்பைலரையும் அறைகளையும் ஏழையும் சொன்னாள், கேக்கைக்கூடச் சொன்னாள், மருந்து விடும் கருவியைச் சொன்னாள், பதினெட்டாம் தேதியைச் சொன்னாள். பாதிப் பேருக்குப் புரியவில்லை. அவள் முடித்ததும் மயில்சாமி தொண்டையைச் செருமினார்.

"அம்மணி, கம்ப்யூட்டர்ல ஏதோ நம்பர் போட்டா இங்கெ வூடு போகுமுங்களா? நீங்க வேற. ராப்பகலா எங்களுக்குச் செஞ்சு செஞ்சு ஒடம்பு தளந்து போச்சு உங்களுக்கு."

"ஆமாங்க, ஓய்வெடுங்க" என்றது கூட்டம். ஒருத்தி வந்து அவள் நெற்றியைத் தொட்டுப் பார்த்தாள்.

ரங்கநாயகி மட்டும் நம்பினாள். அவள் மெதுவாக நடந்து வந்து மாடிப்படிக்கு முன்னால் நின்றாள். பதினைந்து நாளாக "ங்க" போட்டுப் பேசிய வாய் அதை விட்டுவிட்டது.

"ஏழு போட்டது கெடக்கட்டும். எனக்கு அது வெளங்காது. நீ எப்பருந்து இங்கெ நிக்கற?"

பூங்கோதை கீழே வைத்திருந்த பாத்திரத்தைப் பார்த்தாள். டீ ஆறி, மேலே ஆடை படிந்திருந்தது.

"முதல்ல இருந்து" என்றாள்.

"எங்க ஊட்டுக்காரரு ஒவ்வொருத்தர் காலா உளுந்துட்டுக் கெடக்கறாரு. நீ பாத்துட்டு நின்ன."

"ஆமா."

ரங்கநாயகி அடிக்கவில்லை. குப்புராஜைக் கைபிடித்து எழுப்பி, "நாந்தாங்க ரங்கநாயகி, வாங்க" என்று சொல்லி அழைத்துக்கொண்டு போனாள். அவர் போகும்போதும் திரும்பித் திரும்பி எல்லோரையும் கும்பிட்டுக்கொண்டே போனார்.

பூங்கோதை மேலே போய்ச் சேலை மாற்றாமல் அப்படியே பஸ் ஏறி அலுவலகம் போனாள். சந்திரமௌலியின் அறையில் ஜோதிலிங்கத்தையும் கூப்பிடச் சொல்லி, இருவரிடமும் சொன்னாள். சந்திரமௌலி திட்டுவார் என்று காத்திருந்தாள். "மேடம், நீங்க சொன்னதால நான் வேற யாரையும் பாக்கச் சொல்லலை" என்று மட்டும் சொன்னார்.

ஜோதிலிங்கம் வழக்கம்போல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். "எந்த டெஸ்ட், மேடம்?"

"இருநூத்துப் பதினாலு."

அவன் மடிக்கணினியைத் திறந்து பார்த்தான். "சுத்து முடிஞ்சு வெளியில வந்து படிக்குதா. அத நான் யோசிக்கலை." விரல்கள் ஏற்கெனவே தட்டத் தொடங்கியிருந்தன. "அன்னைக்கே சொல்லியிருந்தா ஒரு மணி நேரத்துல சரி பண்ணியிருப்பேன் மேடம்." குற்றம்சாட்டும் குரலில் அவன் சொல்லவில்லை. கணக்கில் ஒரு விவரத்தைச் சொல்வதுபோலச் சொன்னான். பூங்கோதை அன்று முதன்முறையாக அழுதாள், அவன் எங்கே பார்ப்பது என்று தெரியாமல் இன்னும் குனிந்துகொண்டான்.

அவன் ஒரு மணி நேரத்தில் சரிசெய்துவிட்டான். ஒவ்வோர் அறையிலும் ஒவ்வோர் எண் போட்டு அவளே ஓட்டினாள். மூன்றாம் வரிசை இரண்டாம் அறையைக் கேட்டால் மூன்றாம் வரிசை இரண்டாம் அறையில் போட்டது வந்தது. முந்நூற்றுப் பன்னிரண்டையும் மறுபடி முதலிலிருந்து சோதிக்க இன்னொருவரை நியமித்தார்கள், கையளிப்பது ஒரு மாதம் தள்ளிப்போயிற்று, அவளை ஆவணங்கள் எழுதும் பிரிவுக்கு மாற்றினார்கள்.

அந்தத் திங்கட்கிழமை மதியம் பன்னிரண்டு இருபதுக்கு, பொன்னரளிக் குடியிருப்பில் அடுப்பு முறைக்காகத் தன் கதவைத் திறந்த 205-காரி, உள்ளே தன் வீடு இருப்பதைக் கண்டாள். இருபத்து நான்கு கதவுக்குப் பின்னாலும் இருபத்து நான்கு வீடு வந்திருந்தது. வீடு மட்டும்தான் வந்திருந்தது. பூங்கோதையின் 406-ஐத் தவிர மற்றவற்றில் சுவரில் ஓர் ஆணிகூட இல்லை, தரையில் ஒரு கால் தடம்கூட இல்லை, சுண்ணாம்பு வாசனையோடு கட்டி முடித்த அன்றைக்கு இருந்தது போல் வெறுமையாக இருந்தன. யாரும் ஆச்சரியப்படவில்லை. மயில்சாமி ஒட்டியிருந்த முறைப்பட்டியலைக் கிழித்துவிட்டு, லிப்டுக்கு எண்ணெய் போட ஆள் கூப்பிட்டார். வெறும் கூடத்தில் பேசினால் எதிரொலித்ததால் சில நாள் எல்லோரும் தணிந்த குரலில் பேசினார்கள். பாதிப் பேர் பழக்கத்தில் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு வாசலைத் தாண்டி, அதே மாடியில் நின்று, வெட்கப்பட்டுக் கையை விட்டார்கள்.

பூங்கோதை தன் சாமான்களை ஒவ்வொன்றாக மற்ற வீடுகளுக்குக் கொடுத்தாள். சோபா 303-க்கு, திரை 202-க்கு, தட்டுகள் முடிந்தவரை எல்லோருக்கும். வாங்கிக்கொண்டார்கள். அவள் சொன்னதை நம்பியவர்களும் இருந்தார்கள், நம்பாதவர்களும் இருந்தார்கள், நம்பியவர்கள் கொஞ்சம் ஒதுங்கி வழிவிட்டார்கள்.

நான்காம் நாள் சாயங்காலம் ரங்கநாயகி முதல் முறையாக நான்காம் மாடி வரை ஏறி 406-க்கு வந்தாள். கையில் புதுச் சிலேட்டு. உட்காரச் சொன்னதற்கு உட்காரவில்லை, உட்கார ஒன்றும் இல்லை.

"அவருக்கு எழுதோணும்" என்றாள். "அன்னிக்கு நடந்தத இன்னும் எழுதல. உன்னையப் பத்தி எழுதுலீன்னா அவருக்குத் தெரியாது. நீ எதுக்க வந்தா சிரிப்பாரு. எழுதுனா தெனமும் காத்தால புதுசாத் தெரியும். எனக்கு ரெண்டும் ஒண்ணுதான். நீயே சொல்லு."

கீழே யாரோ புதுக் கட்டிலை இறக்கிக்கொண்டிருக்கும் சத்தம் கேட்டது.

"எழுதுங்கக்கா" என்றாள் பூங்கோதை.

"சாகற வரைக்கும் எழுதுவேன். அப்பறம் வேண்டாம்னு வரக் கூடாது."

"வர மாட்டேன்."

ரங்கநாயகி அங்கேயே நின்றபடி எழுதினாள். எழுதியதைப் பூங்கோதைக்குக் காட்டவில்லை.

அடுத்த நாள் காலை ஆறரைக்கு 406-இன் மணி அடித்தது. குப்புராஜ் நின்றார். நான்காம் மாடி வரை ஏறியதில் மூச்சு வாங்கியது. அன்று அவர் ஒரு வார்த்தையும் பேசாமல் அவளைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போனார். அதற்கடுத்த நாள் வந்து, படியில் நிற்கிறவர்கள் எல்லோரும் கேட்கும்படி திட்டினார். ஒரு நாள் நெடுநேரம் யோசித்துவிட்டு, "உங்களுக்கும் கஷ்டமாத்தான் இருந்திருக்குமுங்க" என்றார். மழை பெய்த ஒரு நாள் வரவே இல்லை, அன்று அவள் ஒன்பது மணி வரை கதவுக்குப் பின்னால் நின்றிருந்து, வேலைக்குத் தாமதமாகப் போனாள். அவருக்கு ஒவ்வொரு நாளும் அது முதல் நாள். அவளுக்கும் நாள் போகப் போகச் சுலபமாகிவிடும் என்று குடியிருப்பில் சொன்னார்கள், வருடம் ஒன்றாகியும் சுலபமாகவில்லை.

ஆறரைக்கு மணி அடிக்கும். அவள் ஆறே காலுக்கே குளித்துத் தலைவாரி நிற்பாள். கதவைத் திறப்பாள். புதிதாகக் கேள்விப்பட்ட முகத்தோடு ஒரு மனிதர் மூச்சு வாங்க நிற்பார்.

"அது நீங்கதானுங்களா?" என்பார்.

"ஆமாங்கண்ணா" என்பாள் பூங்கோதை. "நான்தான்."